இராவ்பகதூர் எம்.சி. இராஜா: சட்டமன்றத்தில் 23 ஆண்டுகள்

ஒரு சமுதாயம் தன் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்பொழுது, தனக்காக முதன்முதல் அவையேறிப் பேசியவர் யார் என்னும் வினா எழுவது இயல்பு. வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு ஒரு பெருமகனாரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை எழுத அறிஞர் பலர் உள்ளனர். ஆனால் அண்ணலுக்கு எட்டு ஆண்டு மூத்தவரும், சென்னை மாகாணச் சட்டசபையில் ஒடுக்கப்பட்டோரின் முதற் குரலாக ஒலித்தவரும், நம்மைப் போன்றே பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவருமான எம்.சி. இராஜா அவர்களைப் பற்றி நம் பகுதி மாணவர்கள் அறிந்தது மிகக் குறைவு. ஒடுகத்தூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதிப் பள்ளிகளில் நாள்தோறும் நாம் எழுதும் ஒரு சொல் அன்னாரின் முயற்சியால் அரசாணை ஏறியது என்பதையும் பலர் அறியார். ஆகவே அவருடைய சட்டமன்ற வாழ்வை இங்கே சுருங்க எழுதுகின்றேன்.

சட்டமன்றத்தில் ஒருவர் எத்தனை ஆண்டு இருந்தார் என்று எண்ணுவது எளிது. அவர் எவ்வழியே அவைக்குச் சென்றார், யார் அவரை அனுப்பினார்கள், சென்றபின் அவரால் எதைச் செய்ய முடிந்தது, எது முடியாமற் போயிற்று, ஏன் முடியவில்லை என்று கேட்பதே பயனுடையது. இராஜா அவர்களின் வாழ்க்கை இக்கேள்விகளுக்கு விடை தரும் ஒரு பாடநூலாகும்.

பிறப்பும் கல்வியும்

மயிலை சின்னத்தம்பிப் பிள்ளை இராஜா என்பது அன்னாரின் முழுப்பெயர். 1883ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். தந்தையார் சின்னத்தம்பி அவர்கள் லாரன்ஸ் அநாதைப் பள்ளியில் மேலாளராகப் பணியாற்றியவர். வீட்டில் எழுத்தறிவு இருந்தமையால் மகனுக்குக் கல்வி கிட்டியது. அக்காலத்தில் நம்மவர் பிள்ளைகளில் இலட்சத்தில் ஒருவருக்கேனும் அப்பேறு வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் வெஸ்லி கல்லூரியிலும், சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். கிராமப் பள்ளிகளில் நம் குழந்தைகளைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய காலம் அது. மிஷன் பள்ளிகளின் கதவு திறந்திருந்ததால் ஒரு தலைமுறை படித்து மேலே வந்தது. வேலூர், ஆர்க்காடு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் ஆர்க்காடு மிஷன் பள்ளிகள் இதே பணியைச் செய்தன என்பதை நம் முதியோர் அறிவர்.

ஆசிரியப் பணி

கல்வி முடித்த இராஜா பள்ளி ஆசிரியரானார். பாடம் நடத்துவதோடு நிற்காமல் பள்ளி மாணவர்க்கான நூல்களும் எழுதினார். இளங்குழந்தைகளுக்குப் பாட்டும் விளையாட்டுமாகக் கல்வி தொடங்க வேண்டும் என்னும் கருத்து நம் நாட்டில் அதிகம் பரவாத 1930ஆம் ஆண்டிலேயே, ரங்கநாயகி அம்மையாருடன் சேர்ந்து கிண்டர்கார்டன் ரூம் என்னும் நூலை வெளியிட்டார். தமிழ்க் குழந்தைகள் பாடி ஆடும் பாடல்களை அந்நூல் தொகுத்துத் தந்தது. அரசியலில் ஆழ்ந்திருந்த அந்த ஆண்டுகளிலும் அவர் முதல் வகுப்புப் பிள்ளையை மறந்தாரில்லை. அரசியல்வாதி என்ற முறையில் அவரைப் போற்றுவோரும் தூற்றுவோரும் உளர். ஆசிரியர் என்ற முறையில் அவரை வணங்காதார் இரார்.

பொதுவாழ்வில் அவர் முதலில் பொறுப்பேற்றது ஆதிதிராவிட மகாஜன சபையில். 1916இல் அச்சபையின் செயலாளரானார். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சிக் கழகத்திலும் பணியாற்றினார். பள்ளி, கிணறு, சாலை ஆகிய மூன்றும் இல்லாத சேரிகளை நேரில் கண்டு பெற்ற அனுபவம் பின்னர் அவருக்குச் சட்டசபையில் கைகொடுத்தது.

சென்னைச் சட்டசபையில்: 1920 முதல் 1926 வரை

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டசபை விரிவாக்கப்பட்டு, 1920 நவம்பரில் முதற் பொதுத் தேர்தல் நடந்தது. 98 இடங்களுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆனால் வாக்குரிமை சொத்தும் வரியும் உடையோர்க்கே உரியதாக இருந்தது. நிலமும் வீட்டுமனையும் இல்லாத நம்மவர்க்கு வாக்குச் சாவடி எட்டாக் கனி. இதனால் பறையர், பள்ளர், வள்ளுவர், மாலா, மாதிகா, சக்கிலியர் முதலிய வகுப்பினர் சார்பில் ஐந்து உறுப்பினரை ஆளுநர் நியமிப்பது என்று ஏற்பாடு செய்யப்பட்டது. இந்த நியமன வழியே இராஜா சட்டசபைக்குள் நுழைந்தார்.

தேர்தலில் வென்ற நீதிக்கட்சி ஆட்சி அமைத்தது. பிராமணரல்லாதார் முன்னேற்றத்துக்காகத் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர்களுள் இராஜாவும் ஒருவர். கட்சியின் ஆட்சி நம்மவர்க்கும் விடிவு தரும் என்று அவர் நம்பியது இயல்பே.

பெயர் பெற்ற வரலாறு

1922 சனவரியில் சட்டசபையில் இராஜா கொண்டுவந்த தீர்மானம் மாணவர் அனைவரும் அறிய வேண்டியது. அரசுப் பதிவேடுகளில் பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை நீக்கி, தமிழ்ப் பகுதியில் ஆதிதிராவிடர் என்றும், தெலுங்குப் பகுதியில் ஆதி ஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்பது அத்தீர்மானம். அவை அதனை ஏற்றது. மார்ச்சு மாதத்தில் அரசாணையும் பிறந்தது.

பெயரை மாற்றினால் நிலை மாறிவிடுமா என்று கேட்பார் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஒரு வகுப்பின் பெயரே வசைமொழியாக வழங்கும் நாட்டில், ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்பொழுது ஒரு சிறுவன் தலைகுனிவதும் தலைநிமிர்வதும் அப்பதிவேட்டில் உள்ள சொல்லைப் பொறுத்தது. ஆசிரியராக இருந்தவர்க்கு இது நன்கு தெரியும். இந்நாட்டின் பழங்குடியினர் நாங்களே என்று உரிமை கூறும் சொல் ஆதிதிராவிடர் என்பது. அதனை மேடையில் முழங்குவதோடு நில்லாமல், தாசில்தார் கச்சேரியிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஏறச் செய்ததே இராஜாவின் அருஞ்செயல். இன்றும் நம் மாணவரின் சாதிச் சான்றிதழிலும் நலத்துறையின் பெயர்ப் பலகையிலும் அச்சொல் நின்று நிலவுகின்றது.

கட்சியை விட்டு விலகியது

பெயர் கிடைத்த அதே காலத்தில் கட்சியோடு கசப்பும் வளர்ந்தது. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது வேலைவாய்ப்பு. 1921இல் பனகல் அரசர் தலைமையிலான அமைச்சரவை அரசுப் பணிகளில் வகுப்புவாரி ஒதுக்கீட்டுக்கு ஆணை பிறப்பித்தது. பிராமணரல்லாதார்க்கு வழி திறந்த அவ்வாணையில் ஒடுக்கப்பட்டோர்க்கு உரிய பங்கு இல்லை என்று இராஜா குறைப்பட்டார். தூதுக்குழுவாகச் சென்று முறையிட்டும் பயன் விளையவில்லை.

இரண்டாவது புளியந்தோப்புக் கலவரம். 1921இல் சென்னைப் பின்னி ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். கந்துவட்டிக் கடனில் மூழ்கிய குடும்பங்கள் மாதக்கணக்கில் பட்டினி கிடக்க இயலாது என்பது ஒரு காரணம். மற்றத் தொழிலாளர் தம்மைச் சமமாக நடத்தவில்லை என்னும் மனக்குறை மற்றொரு காரணம். இதன் விளைவாக மூண்ட மோதலில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. நீதிக்கட்சித் தலைவர்கள் சிலர், அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டியதே கலவரத்துக்குக் காரணம் என்று பழி கூறினர். அத்துறைதான் நம்மவர்க்கு வீட்டுமனையும் கிணறும் பள்ளியும் வழங்கிவந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்குதான் உள்ளது. அந்த வேரிலேயே கை வைக்க முனைந்ததை இராஜா பொறுக்கவில்லை. 1923இல் நீதிக்கட்சியிலிருந்து விலகினார்.

பின்னின்று தாங்கக் கட்சி இல்லாமல் 1926 வரை அவையில் பணியாற்றினார். இக்காலத்தில்தான் ஒடுக்கப்பட்ட இந்துக்கள் என்னும் பொருள்பட ஓர் ஆங்கில நூலை எழுதி 1925இல் வெளியிட்டார். நம்மவரின் நிலையை அரசுக்கும் உலகுக்கும் எடுத்துரைத்த தொடக்ககால நூல்களுள் அது ஒன்று. அவர் விட்டுச்சென்ற சட்டசபையில் நம்மவர் குரல் தொடர்ந்து ஒலித்தது. இரட்டைமலை சீனிவாசன் அங்கு உறுப்பினராக இருந்தார். 1926இல் வழக்கறிஞர் என். சிவராஜும், நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து மேல்புதுப்பாக்கத்தில் பிறந்து சிதம்பரத்தில் நந்தனார் பள்ளி கண்ட சுவாமி சகஜானந்தரும் அவை புகுந்தனர்.

மத்திய சட்டசபையில்: 1927 முதல் 1937 வரை

1927 முதல் டெல்லியிலிருந்த மத்திய சட்டசபையில் இராஜா பத்தாண்டுகள் அமர்ந்தார். இங்கும் நியமன உறுப்பினரே. பரந்த இந்திய நாட்டின் கோடிக்கணக்கான தீண்டப்படாதார் சார்பில் அம்மன்றத்தில் குரல் கொடுக்க நெடுங்காலம் அவர் ஒருவரே இருந்தார். அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கியதால் வடநாட்டுச் சேரிகளின் நிலையையும் அறிந்தார்.

1928இல் சைமன் குழு வந்தபோது காங்கிரஸ் அதனைப் புறக்கணித்தது. குழுவோடு இணைந்து செயற்படச் சங்கரன் நாயர் தலைமையில் அமைந்த இந்திய மத்தியக் குழுவில் இராஜா இடம்பெற்றார். புறக்கணிப்பு என்பது உரிமை உடையோரின் ஆயுதம். உரிமையே இல்லாதோர் எந்த அவையில் இடம் கிடைத்தாலும் சென்று தம் குறையைப் பதிய வேண்டும் என்பதே அவர் கொண்ட நெறி. இதற்காக வெள்ளையர்க்குத் துணைபோனவர் என்ற பழிச்சொல்லையும் ஏற்றார்.

ஆயினும் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட்டனர், இராஜா அழைக்கப்படவில்லை. நியமனத்தால் வரும் பதவி, நியமிப்பவர் மனம் மாறினால் மாறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

தொகுதி முறை பற்றிய கருத்து வேறுபாடு

இங்கே மாணவர்க்கு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இன்று நாம் தனித் தொகுதி என்று கூறுவது, ஒடுக்கப்பட்டோர் மட்டுமே வேட்பாளராக நிற்கவும், அத்தொகுதியின் எல்லாச் சாதியினரும் வாக்களிக்கவும் அமைந்த தொகுதி. வட்டமேசை மாநாட்டின் முடிவில் அம்பேத்கர் வற்புறுத்தியது இதுவன்று. ஒடுக்கப்பட்டோரே நின்று, ஒடுக்கப்பட்டோரே வாக்களித்துத் தம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி முறையை அவர் கோரினார். பிறர் வாக்கை நம்பி வெல்பவர் பிறர்க்கே அஞ்சி நடப்பார் என்பது அவருடைய வாதம்.

இராஜா முதலில் தனி வாக்காளர் தொகுதியை ஆதரித்தவரே. பின்னர் கருத்து மாறினார். ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட மக்களை வாக்குப் பட்டியலிலும் வெளியே தள்ளிவிட்டால் அப்பிரிவு நிலைத்துவிடும் என்று அஞ்சினார். 1932இன் தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்படிக்கை செய்தார். ஒதுக்கப்பட்ட இடங்களோடு கூடிய கூட்டு வாக்காளர் தொகுதியை அது வகுத்தது. இராஜா–மூஞ்சே உடன்படிக்கை எனப் பெயர் பெற்ற இது நம்மவரிடையே பெரும் பிளவை உண்டாக்கியது. சென்னையிலேயே இரட்டைமலை சீனிவாசன் ஒரு பக்கமும் இராஜா மறுபக்கமும் நின்றனர்.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமரின் வகுப்புத் தீர்ப்பு வெளியாயிற்று. ஒடுக்கப்பட்டோர்க்கு மாகாணச் சபைகளில் 71 இடங்கள், தனி வாக்காளர் தொகுதிகளாக அளிக்கப்பட்டன, சென்னைக்கு 18. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அம்பேத்கர், சீனிவாசன், இராஜா மூவரும் அதில் கையெழுத்திட்டனர். இடங்கள் 148ஆக உயர்ந்தன, சென்னைக்கு 30. ஆனால் வாக்கு எல்லார்க்கும் பொதுவாயிற்று. முதற்கட்டத் தேர்தலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர் மட்டும் கூடி நால்வரைத் தேர்ந்தெடுப்பர்; அந்நால்வரில் ஒருவரைப் பொதுவாக்காளர் அனைவரும் தேர்ந்தெடுப்பர். வேட்பாளர் நால்வருக்கு மேல் இல்லாத இடத்தில் முதற்கட்டத் தேர்தலுக்கே தேவை எழாது.

எண்ணிக்கையைப் பார்த்தால் இராஜாவின் வழி வென்றது போலத் தோன்றும். இடங்கள் இருமடங்காயின அன்றோ! வெற்றியின் உண்மை விலை ஆறு ஆண்டுகள் கழித்து அவர் தாமே அவையில் நின்றபொழுது தெரியவந்தது.

1937ஆம் ஆண்டுத் தேர்தல்

1935ஆம் ஆண்டுச் சட்டப்படி 1937இல் நடந்த தேர்தலே இராஜா வாக்குப் பெற்றுச் சட்டசபைக்குச் சென்ற தேர்தல். சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரஸ் 159ஐ வென்றது. ஒடுக்கப்பட்டோர்க்குரிய 30 இடங்களில் 26 காங்கிரசுக்கே சென்றன. அப்பெரு வெள்ளத்தில் காங்கிரசுக்கு வெளியே நின்று வென்ற மிகச் சிலருள் இராஜா ஒருவர்.

காங்கிரஸ் உடனே பதவி ஏற்க மறுத்ததால், கே.வி. ரெட்டி நாயுடு தலைமையில் இடைக்கால அமைச்சரவை 1937 ஏப்ரலில் அமைந்தது. அதில் இராஜா வளர்ச்சித் துறை அமைச்சரானார். அவ்வமைச்சரவை ஜூலை நடுவில் முடிந்தது, இராஜாஜி முதலமைச்சரானார். அவருடைய அமைச்சரவையில் நம்மவரான வி.ஐ. முனுசாமிப் பிள்ளை இடம்பெற்றார். இராஜா எதிர்வரிசைக்குச் சென்றார்.

இரண்டு மசோதாக்கள்

1938ஆம் ஆண்டு இராஜாவின் வாழ்வில் வெற்றியும் தோல்வியும் ஒருங்கே வந்த ஆண்டு. அவர் இரண்டு மசோதாக்களைத் தனி உறுப்பினர் என்ற முறையில் முன்னெடுத்தார்.

முதலாவது சமூக இயலாமைகளை நீக்கும் மசோதா. பொதுக் கிணறு, குளம், சாலை, ஊர்தி, பொது நிலையங்கள் ஆகியவற்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்றும், தீண்டாமையை வழக்காறு எனக் கூறி நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றும் அது விதித்தது. ஆட்சியாளர் ஆதரவுடன் அது நிறைவேறி 1938ஆம் ஆண்டின் சட்டமாயிற்று. 1955ஆம் ஆண்டு மத்திய அரசின் தீண்டாமைக் குற்றச் சட்டம் வருமுன், நாட்டில் இத்துறையில் இயற்றப்பட்ட முன்னோடிச் சட்டங்களுள் ஒன்று அது.

இரண்டாவது கோயில் நுழைவு மசோதா. பெரும்பான்மையோர் இசைந்தால் கோயில்களைத் திறந்துவிட இது வகை செய்தது. தொடக்கத்தில் முதலமைச்சர் இராஜாஜியின் இசைவு இருந்தது என்பது இராஜாவின் நிலை. ஆனால் மசோதா அவைக்கு வந்தபொழுது, மலபார் மாவட்டத்துக்கு மட்டும் அரசே ஒரு மசோதா கொண்டுவரும், இதனைத் திரும்பப் பெறுக என்று முதலமைச்சர் கேட்டுக்கொண்டார். இராஜா மறுத்தார். காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதி முறையிட்டார். காந்தியடிகளோ இராஜாஜியை நம்பி நடக்குமாறு அறிவுரை தந்தார். வாக்கெடுப்பில் மசோதா தோற்றது.

தோல்வியினும் அதன் விதமே கருதத்தக்கது. ஒடுக்கப்பட்டோர்க்குரிய இடங்களில் காங்கிரஸ் சார்பில் வென்ற உறுப்பினர்களுள் பெரும்பாலோர் கட்சிக் கட்டுப்பாட்டை மீறவில்லை. கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட மக்களின் பிரதிநிதிகள், அவ்வாயிலைத் திறக்கும் மசோதாவோடு நிற்க இயலாது போயினர். அவர்களைக் குறை கூறிப் பயன் என்ன? அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களும், வேட்பாளராக நிறுத்தியவர்களும் வேறு. 1932இல் அம்பேத்கர் எழுப்பிய ஐயம் இராஜாவின் கண்முன்னே மெய்யாயிற்று. கூட்டுத் தொகுதிக்காக வாதாடியவரே கூட்டுத் தொகுதியின் குறையை முதலில் அனுபவித்தார்.

இராஜாஜியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. மாகாணம் முழுவதும் ஒரே நாளில் சட்டம் செய்தால் எதிர்ப்பு ஓங்கும், படிப்படியாகச் செல்வதே நன்று என்று அவர் கருதினார். மலபார்ச் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலியோர் நுழைந்தனர். அச்செயலுக்குப் பாதுகாப்பாகச் சட்டமும் வந்தது. மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் பிறந்தது. இராஜா 1938இல் கேட்டது ஒன்பது ஆண்டுக்குப்பின் கிடைத்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

இறுதி ஆண்டுகள்

1939 அக்டோபரில், உலகப் போரில் இந்தியாவை ஈடுபடுத்தியதை எதிர்த்துக் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. மாகாணம் ஆளுநர் ஆட்சியின் கீழ் வந்தது. இராஜா உறுப்பினராக நீடித்தாலும் சட்டசபை கூடவில்லை.

அரசியலில் தம் கருத்து தவறு என்று கண்டால் அதை மாற்றிக்கொள்ளும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பூனா ஒப்பந்தத்தால் தாம் எதிர்பார்த்த நன்மை விளையவில்லை என்று உணர்ந்த இராஜா, பத்தாண்டுக்கு முன் எதிர்த்த அம்பேத்கரோடு கைகோத்தார். 1942 மார்ச்சில் சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் இந்தியாவுக்கு வந்தபொழுது இருவரும் ஒன்றாகச் சென்று அவரைக் கண்டனர். கிரிப்ஸ் திட்டத்தில் ஒடுக்கப்பட்டோர்க்குப் போதிய காப்பு இல்லை என்று இருவரும் சேர்ந்தே எடுத்துரைத்தனர். இரண்டு பெருந்தலைவர்களின் பத்தாண்டுப் பிணக்கு இவ்வாறு தீர்ந்தது. பிளவுபட்டு நிற்கும் நம் சங்கங்களும் இயக்கங்களும் நெஞ்சில் பதிக்க வேண்டிய நிகழ்ச்சி இது.

1943 ஆகஸ்டில், அறுபது வயதில், எம்.சி. இராஜா மறைந்தார். சென்னை சைதாப்பேட்டையில் அன்னாரின் பெயரால் அமைந்த அரசுக் கல்லூரி மாணவர் விடுதி அவரது நினைவைத் தாங்கி நிற்கின்றது. ஆசிரியராகத் தொடங்கிய வாழ்வுக்கு, வெளியூரிலிருந்து படிக்க வரும் ஏழை மாணவர் தங்கும் இடத்தினும் சிறந்த நினைவுச்சின்னம் எது?

வரவு செலவு

இராஜாவின் சட்டமன்றக் கணக்கை இனித் தொகுத்துப் பார்ப்போம். சென்னைச் சட்டசபையில் ஆறு ஆண்டு, நியமனம். மத்திய சட்டசபையில் பத்தாண்டு, நியமனம். சென்னைச் சட்டசபையில் மீண்டும் ஆறு ஆண்டு, தேர்தல். அதிலும் பாதிக்கு மேல் அவை கூடாத காலம். முதல் நாள் தொட்டு இறுதி நாள் வரை 23 ஆண்டுகள்.

வரவுப் பக்கத்தில் ஒரு பெயர், ஒரு சட்டம், ஒரு கல்வி நெறி. செலவுப் பக்கத்தில் ஒரு கட்சியை இழந்தது, ஒரு மசோதாவை இழந்தது, நெடுநாள் நண்பர்களின் நம்பிக்கையை இழந்து மீண்டும் பெற்றது. ஆளுநர் நியமித்தபோது ஆளுநரின் கருணையையும், பொதுவாக்கால் வென்றபோது பெரும்பான்மையினரின் கருணையையும் எதிர்நோக்கி நிற்க வேண்டிய நிலை நம்மவர்க்கு. அந்நிலையிலும் ஒருவர் தனியே நின்று இவ்வளவு செய்தார் என்பதே வியப்பு.

நாம் கற்க வேண்டியது

1952 முதல் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை உண்டு. இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் 44 ஆதிதிராவிடர்க்குரிய தனித் தொகுதிகள். நம் பகுதியில் முன்பு பேரணாம்பட்டு தனித் தொகுதியாக இருந்தது. 2011 தேர்தல் முதல் குடியாத்தமும் கீழ்வைத்தினான்குப்பமும் தனித் தொகுதிகளாக உள்ளன. ஒடுகத்தூர் அடங்கிய அணைக்கட்டுத் தொகுதி பொதுத் தொகுதி. இந்த ஒதுக்கீடு நிலையானதன்று. பத்தாண்டுக்கு ஒருமுறை அரசியலமைப்பைத் திருத்தி நீட்டிக்கப்படுவது. 2020இல் செய்த திருத்தம் 2030 சனவரி வரை செல்லும்.

தனித் தொகுதியில் வென்று செல்வோர் யார் குரலாகப் பேசுகின்றனர் என்னும் இராஜா காலத்துக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கின்றது. அவரை நிறுத்துவது கட்சி. தேர்ந்தெடுப்பது எல்லாச் சாதியினர். அவரைக் கேள்வி கேட்கும் உரிமையை நாம் எவ்வாறு பெறுவது? தோல் தொழிற்சாலையில் நாளெல்லாம் சுண்ணாம்பிலும் சாயத்திலும் நிற்கும் தாய் தந்தையர்க்கு மனு எழுதவும், கிராமசபையில் எழுந்து பேசவும், சட்டமன்றத்தில் தம் உறுப்பினர் எதற்கு வாக்களித்தார் என்று அறியவும் வழி வேண்டும். அவ்வழி அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பே. அவைக்குள் ஒருவர் தனித்து நிற்காதிருக்க, அவைக்கு வெளியே படித்த ஆயிரவர் நிற்க வேண்டும். 1938இல் இராஜாவுக்கு இல்லாதது அதுவே.

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளாகச் செய்துவரும் பணியின் பொருளும் இதுதான். புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணம், மாலை வகுப்பு என்று நாம் அளிக்கும் ஒவ்வொன்றும் நாளைய வாக்காளனை உருவாக்குகின்றது. மாணவச் செல்வங்களே! உங்கள் சான்றிதழில் ஆதிதிராவிடர் என்னும் சொல்லைக் காணும்பொழுது, அதனை ஏட்டில் ஏற்றப் போராடிய பரங்கிமலைப் பள்ளி ஆசிரியரை நினையுங்கள். அவர் தொடங்கி முடியாமல் விட்ட பணியைக் கற்று, கூடி, நிறைவு செய்யுங்கள்.